ஆர்க்கம் ஹாரர் விரிவாக்கப் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு: ‘ரிட்டர்ன் டு’ என்றால் மறுபதிப்பு அல்ல

கடந்த ஓணம் விடுமுறைக்கு முன்பு, கோயம்புத்தூரில் உள்ள ஒரு கடையில் ‘ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்’ விளையாட்டுக்கான விரிவாக்கப் பெட்டிகளை வாங்கி 7,550 ரூபாய் ஏமாந்தேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்னிடம் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை முழுமையாக எழுதுகிறேன். இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் எவரையும் இதே வழியில் ஏமாற்றிவிட முடியும்.

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் நால்வர் கூடுகிறோம்: நான், என் மனைவி, மச்சினன், பக்கத்து வீட்டு ஆசிரியர். சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுவது என்று நினைக்கும் ஊர் இது. இந்த விளையாட்டில் பணமும் இல்லை, ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதும் இல்லை. 1920களின் அமெரிக்காவில், கற்பனையான ஆர்க்கம் நகரத்தில், நால்வரும் புலனாய்வாளர்களாக ஒன்றுசேர்ந்து துப்புத் துலக்க வேண்டும். பயங்கரங்களை எதிர்கொள்ளும்போது உடல்நலமும் மனநலமும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த விளையாட்டின் அடிப்படைப் பெட்டியை ‘முதல் பெட்டி’ என்று சொல்கிறேன். அதன் பழைய பதிப்பில் இருவர் வரை மட்டுமே ஆட முடியும். 2021இல் வந்த திருத்தப்பட்ட பதிப்பில் நால்வர் வரை ஆடலாம். எங்களிடம் இருப்பது இந்தத் திருத்தப்பட்ட முதல் பெட்டி. அதிலுள்ள கதை மூன்றே சினாரியோக்களில், அதாவது மூன்று கதைப் பகுதிகளில், முடிந்துவிடுகிறது. ஆசிரியருக்குப் பத்து நாள் ஓண விடுமுறை வருவதால், அந்த நாட்களில் ஒரு நீண்ட கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிவிட வேண்டும் என்று ஆவணி தொடங்கியதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம்.

கடைக்காரரிடம் தொலைபேசியில் நான் கேட்டது தெளிவானது. “எங்களிடம் முதல் பெட்டி மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஆடக்கூடிய முழுக் கதை ஒன்று வேண்டும்” என்றேன். அவர் ‘ரிட்டர்ன் டு தி டன்விச் லெகசி’ என்ற பெட்டியின் படத்தை அனுப்பினார். ‘தி டன்விச் லெகசி’ இந்த விளையாட்டின் நீண்ட கதைகளில் ஒன்று. “அண்ணா, இது டன்விச்சோட புது எடிஷனுங்க. பழசு இனிமே வராதுங்க” என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. 4,200 ரூபாய் என்றார். கூடவே 1,600 ரூபாய் வீதம் இரண்டு ஸ்டார்ட்டர் டெக்குகளையும் (ஒரு புலனாய்வாளருக்கான தயார்நிலைக் கார்டுக் கட்டுகள்) பரிந்துரைத்தார். கூரியர் கட்டணத்துடன் சேர்த்து முழுத் தொகையையும் அன்றே அனுப்பிவிட்டேன்.

விடுமுறையின் முதல் நாள் மாலை பெட்டியைப் பிரித்தோம். என் மனைவி வழிகாட்டித் தாளை வாசிக்கத் தொடங்கினாள். எந்தச் சினாரியோவின் முன்னேற்பாட்டைப் பார்த்தாலும், மூலக் கதையின் இன்ன கார்டுத் தொகுதிக்குப் பதிலாக இந்தத் தொகுதியைப் பயன்படுத்துங்கள், இன்ன தொகுதியுடன் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாள் சொல்லியதே தவிர, கதை எங்கே தொடங்குகிறது என்று எங்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு கார்டிலும் அது சேர்ந்த தொகுதியின் சின்னம் அச்சிடப்பட்டிருக்கும். மச்சினன் கார்டுகளைச் சின்னம் வாரியாகத் தரையில் பிரித்து அடுக்கினான். வழிகாட்டி கேட்ட தொகுதிகளில் பாதிக்கு மேல் எங்களிடம் இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கார்டுகளை மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பேசாமல் எழுந்து சாப்பிடப் போனோம்.

‘ரிட்டர்ன் டு’ என்ற பெயர் கொண்ட பெட்டிகள் எவையும் மறுபதிப்புகள் அல்ல. ஏற்கெனவே ஒரு கேம்பெய்னை, அதாவது பல சினாரியோக்கள் சேர்ந்த முழுக் கதையை, ஆடி முடித்தவர்கள் அதையே மீண்டும் ஆடும்போது சலிப்புத் தட்டாமல் இருக்க, சில கார்டுகளை மாற்றியும் சிலவற்றைக் கூட்டியும் தருபவை அவை. மூலக் கதைப் பெட்டி இல்லாதவர் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கதையை ஆட முடியாது. முதல் பெட்டியின் கதைக்கும், டன்விச், கார்கோசா, ஃபர்காட்டன் ஏஜ், சர்க்கிள் அன்டன் ஆகிய கதைகளுக்கும் என மொத்தம் ஐந்து ‘ரிட்டர்ன் டு’ பெட்டிகள் உள்ளன. மூலக் கதையை ஆடி மகிழ்ந்தவர்களுக்கு அவை நல்ல பெட்டிகள் என்பதை நான் மறுக்கவில்லை. எங்களிடம் மூலக் கதை இல்லை என்று தெரிந்துகொண்டே அதை விற்றதுதான் ஏமாற்று.

மறுநாள் கடைக்காரரை அழைத்துக் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் ‘தி பாத் டு கார்கோசா’வின் பழைய பதிப்பு முழுவதையும் மாற்றாகத் தருவதாகச் சொன்னார். இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஆசிரியர். பழைய முறையில் ஒரு கதை என்பது இரண்டு சினாரியோக்கள் கொண்ட ஒரு பெரிய பெட்டியும், பாக்கெட்டுக்கு ஒரு சினாரியோவாக ஆறு சிறிய பாக்கெட்டுகளும் சேர்ந்தது. ஆக மொத்தம் எட்டு சினாரியோக்கள். கடைக்காரர் அனுப்பிய படத்தை அவர் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தபோது ஐந்து பாக்கெட்டுகளே இருந்தன. இல்லாதது நான்காவதான ‘தி பேலிட் மாஸ்க்’. கதையின் நடுவில் ஒரு படியே இல்லாத தொகுப்பை முழுமையானது என்று விற்க முயன்றிருக்கிறார். பழைய பாக்கெட்டுகளை வாங்குகிறவர்கள் அருள்கூர்ந்து எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 2021இல் வந்த ‘எட்ஜ் ஆஃப் தி எர்த்’ முதல் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கதையின் எல்லாச் சினாரியோக்களும் கேம்பெய்ன் பெட்டி ஒன்றிலும், ஆட்டக்காரர்களுக்கான கார்டுகள் இன்வெஸ்டிகேட்டர் பெட்டி என்ற தனிப் பெட்டியிலும் வருகின்றன. டன்விச், கார்கோசா போன்ற பழைய கதைகளும் பிறகு இதே முறையில் மீண்டும் அச்சாகியுள்ளன.

ஸ்டார்ட்டர் டெக்குகளின் கதை இதைவிட மோசம். நதானியேல் சோ, ஜாக்குலின் ஃபைன் என்ற இரண்டு புலனாய்வாளர்களுக்கான அந்தக் கட்டுகள் போலி அச்சு. உறை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் முதல் பெட்டியிலிருந்து 30 கார்டுகளையும் புதிய கட்டிலிருந்து 30 கார்டுகளையும் எண்ணி மேசைமேல் அருகருகே அடுக்கியபோது, புதிய அடுக்கு ஏறக்குறைய இரண்டு கார்டு உயரம் தாழ்ந்திருந்தது. முதுகுப்புறத்தின் நிறம் ஒரு சாயல் வெளிறியும், சிறிய எழுத்துகளின் விளிம்பு மை பரவியதுபோல் மங்கியும் இருந்தன. இந்த விளையாட்டில் ஒருவர் தம் கட்டில் பல பெட்டிகளின் கார்டுகளைக் கலந்து வைத்திருப்பார். முதுகுப்புறத்தைப் பார்த்தே அடுத்து வரப்போவது எந்தப் பெட்டியின் கார்டு என்று தெரிந்துவிட்டால், கார்டு எடுக்கும் கணத்தில் இருக்க வேண்டிய நடுக்கமே போய்விடும். இதைச் சொன்னபோது, ஒளி ஊடுருவாத ஸ்லீவ் (கார்டு உறை) போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. அது போலிதான் என்பதை அந்தப் பதிலே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “கேரளாவுக்குப் போன பார்சலைத் திரும்ப எடுக்க மாட்டோமுங்க, கேஸ் போடறதுன்னா கோயம்புத்தூருக்கு வந்துதான் போடணும்” என்றார். வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு என்று இருக்கும் எங்களைப் போன்ற எல்லைப்புறத்துக்காரர்கள் பலர் இந்தப் பேச்சை நம்பி விட்டுவிடுகிறார்கள். இது உண்மையல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே எனக்குப் பாலக்காடு போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பத்தொன்பது நாட்கள் கழித்து ஸ்டார்ட்டர் டெக்குகளுக்கான 3,200 ரூபாய் திரும்ப வந்தது. பெட்டிக்கான பணம் வரவில்லை. அதற்குப் பாலக்காட்டில் மனுக் கொடுக்க, குறுஞ்செய்திகளையும் பணம் செலுத்திய பதிவையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்டதை அன்றே குறுஞ்செய்தியிலும் எழுதி அனுப்பியிருந்தது இப்போது பெரிதும் உதவுகிறது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இதுதான். முதல் பெட்டியை முடித்தவர் அடுத்து வாங்க வேண்டியது ஒரு கேம்பெய்ன் பெட்டி. டன்விச் எளிமையானது, கார்கோசாவின் கதை அதைவிட ஆழமானது என்று பலரும் சொல்கிறார்கள். ‘ஃபர்காட்டன் ஏஜ்’ கடுமையாகத் தண்டிக்கும் கதை என்பதால் அதைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். முதல் பெட்டியின் கார்டுகளைக் கொண்டே கேம்பெய்னை ஆடிவிட முடியும் என்பதால் இன்வெஸ்டிகேட்டர் பெட்டிக்கு அவசரமில்லை. ஆனால் நால்வர் ஆடும் வீட்டில் நல்ல கார்டுகளுக்கு விரைவிலேயே போட்டி வந்துவிடும். அப்போது அசலான ஸ்டார்ட்டர் டெக் ஒன்று, ஒரே புலனாய்வாளருக்கு 60 கார்டுகளுடன், உடனே ஆடும் நிலையில் கிடைப்பது வசதி. ‘ரிட்டர்ன் டு’ எல்லாவற்றுக்கும் கடைசி.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. மனுவுக்குச் சான்றாகக் காட்ட வேண்டும் என்பதால் அதை யாருக்கும் விற்கவில்லை. விடுமுறையின் மீதி நாட்களில் முதல் பெட்டியின் மூன்று சினாரியோக்களையே புலனாய்வாளர்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஆடினோம்.