ரேடியேட்டருக்குள் எதை ஊற்றுவது: தண்ணீரா, அடர் கூலன்டா, ரெடி மிக்ஸா?

பழைய கார் ஒன்று வாங்கிய புதிதில் அதன் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றினேன். வாளியில் விழுந்தது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. செங்கல் கரைத்த தண்ணீர். ஹோஸுக்குள் விரலை விட்டால் வழுவழுவென்று சேறு ஒட்டியது. விற்றவர் "கூலன்ட் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று சொல்லியிருந்தார். பக்காவாக இருந்தது துருதான். மட்டம் இறங்கும்போதெல்லாம் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

அதற்காகத் தண்ணீரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. சூட்டைச் சுமப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவைக்குச் சுமார் 3.5 போதும். அதாவது, அதே அளவு சூடேறினால் தண்ணீர் தூக்கிச் செல்லும் வெப்பம் அதிகம். பந்தயக் கார்களில் பல தண்ணீரும் துருத்தடுப்பானும் மட்டும் போட்டு ஓடுவதற்கு இது ஒரு காரணம். கிளைக்கால் தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பது இன்னொன்று.

கூலன்ட் ஊற்றினால் எஞ்சின் கொதிக்காது என்பதும் பாதி உண்மைதான். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பாதிக்குப் பாதி கலவை 107 டிகிரி வாக்கில். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ரேடியேட்டர் மூடி 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், தண்ணீரே 121 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கலவை 129 வரை. கூலன்ட் தருவது ஏழெட்டு டிகிரி, மூடி தருவது இருபதுக்கு மேல்! மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், உள்ளே எவ்வளவு உயர்ந்த கூலன்ட் இருந்தும் பாதிப் பயன் போய்விடும். ஆனாலும் சூடேறுகிறது என்று வரும் காரில் மூடியைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கூலன்ட் எதற்கு? பனி உறையும் இடங்களில் அதற்கு வேறு அவசியம் உண்டு: பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மற்றபடி முக்கிய வேலை அரிப்பைத் தடுப்பது. வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, ரப்பர் என்று பல பொருள்களைத் தொட்டுக்கொண்டு ஒரே திரவம் நாள் முழுக்கச் சூடாகச் சுற்றுகிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் எஞ்சினின் மிகச் சூடான இடத்தில், சிலிண்டர் ஹெட்டில், உப்பாகப் படியும். எங்கே குளிர்ச்சி அதிகம் தேவையோ அங்கேயே போர்வை போர்த்தியது மாதிரி. குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்து போலத் துளையிடும். சரி, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றலாமா? உப்பு படியாது, ஆனால் துருவைத் தடுக்கவும் அதில் ஒன்றுமில்லை.

ஆகவே போட்டி உண்மையில் நாமே தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய அடர் கூலன்டுக்கும், தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்தே வரும் ரெடி மிக்ஸுக்கும்தான். மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நிரப்ப வேண்டும் என்றால் என் ஓட்டு ரெடி மிக்ஸுக்கு. அளக்க வேண்டாம், தண்ணீர் தேட வேண்டாம், கை தவற வழியில்லை.

முழுவதும் கழுவி மாற்றும்போது கதை மாறும். ஆறு லிட்டர் பிடிக்கும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டு அலசி வடித்த பிறகும், எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் சுருளிலும் இரண்டரை லிட்டர் தண்ணீர் தங்கிவிடுகிறது. மீதி இடத்தில் மூன்றரை லிட்டர் ரெடி மிக்ஸ் ஊற்றினால், அதில் கிளைக்கால் பாதிதான். மொத்தத்தில் 30 சதவீதம்கூடத் தேறாது. அதே இடத்தில் மூன்று லிட்டர் அடர் கூலன்டும் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றினால் கணக்கு சரியாகப் பாதியில் நிற்கும். கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்தால், தங்குவதும் நல்ல தண்ணீராக இருக்கும்.

அடர் கூலன்டில் ஒரு ஆபத்து, "கெட்டியா இருந்தா நல்லதுதானே" என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுவது. தனிக் கிளைக்கால் சூட்டைச் சுமப்பதில் மந்தம். இன்னொரு வேடிக்கை, அது மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும்.

தண்ணீரே இல்லாத கூலன்ட் என்றும் ஒன்று வருகிறது. கொதிநிலை மிக அதிகம். ஆனால் சூட்டைச் சுமப்பது குறைவு, போடுவதற்கு முன் பழைய தண்ணீர் முழுவதையும் எடுத்தாக வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் நிறம். பச்சை என்றால் பழைய வகை, சிவப்பு என்றால் நீண்ட ஆயுள் என்ற கணக்கை நம்ப முடியாது. நிறம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஐஏடி, ஓஏடி, ஹெச்ஓஏடி என்ற எழுத்துகளை. கூலன்டில் எந்த வகை அரிப்புத் தடுப்பான் இருக்கிறது என்பதை அவை சொல்லும். ஐஏடி சிலிக்கேட், பாஸ்பேட் கொண்டு உலோகம் முழுக்கச் சட்டென்று ஒரு படலம் போடும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும், இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும். ஓஏடி அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் மெதுவாக வேலை செய்யும், ஐந்து ஆண்டு தாங்கும். ஹெச்ஓஏடி இரண்டின் கலப்பு. ஈயப் பற்றவைப்பு உள்ள பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஐஏடிதான் பாதுகாப்பு. மாற்றி மாற்றி ஊற்றினால் ஆயுள் குறையும். சில சேர்க்கைகள் கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கார் கையேட்டில் எழுதியிருக்கும் தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிவிட்டால் இந்த அலசல் எதுவும் வேண்டாம். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்து ஓரம் கட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். பிறகு கிடைக்கும் தண்ணீரை ஊற்றலாம், தப்பில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிட வேண்டும். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்: கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். மட்டம் திரும்பத் திரும்பக் குறைந்தால் அது கூலன்டின் குறையல்ல. எங்கோ ஒழுகுகிறது, அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா, எக்ஸ்பான்ஷன் டேங்கில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

என் காருக்கு நான்கு முறை அலசிய பிறகுதான் தெளிந்த தண்ணீர் வந்தது. மூடியை மாற்றினேன், அடர் கூலன்டை அளந்து ஊற்றினேன், மூடியைத் திறந்து வைத்து, சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். வாளியில் வடித்ததைச் சாக்கடையில் கொட்டவில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயோ குழந்தையோ குடித்துவிட்டால் சிறுநீரகம் போய்விடலாம். கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு வந்தேன்.