பழைய ஊட்டி பங்களாவில் குளிரைச் சமாளித்தல்: பல குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாவில் குடியேறுகிறவர்கள் முதலில் வாங்குவது ஹீட்டர். அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் காற்றை நிறுத்த வேண்டும், கூரைக்குக் கீழே போர்த்த வேண்டும், சுவரை உலர்த்த வேண்டும். இந்த வரிசை மாறினால் மின்கட்டணம் ஏறும், அறையின் சூடு ஏறாது.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஹாலில் 100 கன மீட்டர் காற்று இருக்கிறது. வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும். அந்தக் காற்று மணிக்கு ஒரு முறை மாறினால், உள்ளே வரும் குளிர்காற்றைச் சூடாக்க மட்டும் இந்த உயரத்தில் ஏறக்குறைய 270 வாட் தேவை. மணிக்கு 4 முறை மாறினால் 1000 வாட்டைத் தாண்டும். கதவடியில் ஒரு விரல் இடைவெளி, கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்த மக்கு (கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பூச்சு), மூடாத புகைபோக்கி, இவை சேர்ந்தால் காற்று இருக்கும் நாளில் 4 முறை ஆச்சரியமே இல்லை. 2000 வாட் ஹீட்டரின் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

ஓட்டை தேட ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. காற்று வீசும் மாலையில் எல்லாக் கதவையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பத்தியை நிலைச்சட்டம், கீல் பக்கம், தாழ்ப்பாள் துளை, தரைப்பலகை இடுக்கு, சீலிங் ஓரம் என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். திரைச்சீலையைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.

கதவு, ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சு டேப் ஒட்டுவது எல்லோரும் செய்வது. ஒரு மழைக்காலம் தாண்டினால் அது அமுங்கித் தட்டையாகிவிடும், பசையும் விட்டுவிடும். 3 முதல் 5 மி.மீ. இடைவெளிக்கு உள்ளே குழலாக இருக்கும் ஈ.பி.டி.எம். (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டைதான் பல வருடம் நிற்கிறது. ஒட்டுமுன் பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈர மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஆகவே இந்த வேலைக்கு மார்ச், ஏப்ரல்தான் மாதம். கதவடிக்கு அலுமினியப் பட்டையில் பிரஷ் வைத்தது சரியாக வரும். தரை மேடுபள்ளமாக இருக்கும் பங்களாவில் ரப்பர் நாக்கு ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கண்ணாடியைச் சுற்றிய மக்கு காய்ந்து உதிர்ந்திருந்தால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவிவிட்டுப் புது மக்கு வையுங்கள். எண்ணெய் தடவாவிட்டால் மரம் மக்கிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும், ஒரே வருடத்தில் வெடித்துவிடும். மேலே தோல் கட்ட இரண்டு மூன்று வாரம் விட்டுத்தான் பெயின்ட்.

அடுத்தது புகைபோக்கி. எரியாத கணப்பு (அறைச் சுவரில் விறகு எரிக்கும் இடம்) என்பது கூரையில் திறந்து வைத்த ஜன்னல். இரவெல்லாம் அறையின் சூட்டை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். பயன்படுத்தாத அறைகளில் கோணிப் பையில் பழைய கம்பளியைத் திணித்து, கைக்கு எட்டும் உயரத்தில் புகைக்குழாய்க்குள் செருகினால் போதும். இரண்டு எச்சரிக்கை. சிவப்புத் துணி ஒன்றைக் கணப்பு வாயில் தெரியும்படி கட்டித் தொங்கவிடுங்கள், விருந்தாளி யாராவது நெருப்பு மூட்டிவிடக் கூடாது. முழுக்க அடைக்கவும் கூடாது. இரண்டு விரல் இடம் விட்டால்தான் குழாய்க்குள் ஓதம், அதாவது ஈரக்கசிவு, சேராமல் இருக்கும்.

கூரைக்கு வருவோம். செலவுக்கு அதிகப் பலன் தரும் வேலை இதுதான். பெரும்பாலான பங்களாக்களில் மேலே ஓடு அல்லது தகரம், அதற்குக் கீழே பலகை சீலிங், நடுவில் வெறும் இடம். அந்தப் பலகையின் மேல் 100 மி.மீ. ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) விரித்தால், 25 சதுர மீட்டர் அறையில் 10 டிகிரி வித்தியாசத்துக்கு 500 வாட் அளவில் இருந்த இழப்பு 100 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆனால் முதலில் ஓட்டு ஒழுக்கை நிறுத்துங்கள். நனைந்த ராக்வுல் போர்வையாக இருக்காது, பலகையை அழுகவைக்கும். தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் இரவில் நீர் கோத்துச் சொட்டும். அதனால் தகரத்துக்கும் ராக்வுல்லுக்கும் நடுவே 50 மி.மீ.யாவது காற்றோட்டம் வேண்டும், ஓரங்களை அடைக்கக் கூடாது. பழைய வயர்களை அடியில் புதைக்காமல் மேலே எடுத்துக் கட்டுங்கள்; மூடிக்கிடக்கும் வயர் சூடேறும். வேலை செய்பவருக்கு முகமூடி, கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். எலி போகும் வழிகளைக் கம்பி வலையால் அடைத்த பிறகே விரியுங்கள்.

தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அந்தக் காற்று இல்லாவிட்டால் உத்தரங்கள் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். குளிரை மேலிருந்து தடுங்கள்: பலகை இடுக்கில் சணல் கயிற்றை உளியால் அடித்து இறக்கி, மேலே தடித்த ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி), அதற்கு மேல் கம்பளம். ஃபெல்ட் இல்லாத வெறும் ஜமக்காளம் காற்றில் மெல்லத் தூக்குவதையே பார்க்கலாம்.

சுவர் விஷயத்தில் எதிரி சிமென்ட். ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர்கள் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியவை. ஈரத்தை வாங்கி வெளியே விடுவது அவற்றின் இயல்பு. மேலே சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், ஈரச்சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் வருவதும் இதனால்தான். பூச்சு வேலை தொடங்குமுன் வெளியே பாருங்கள்: தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, பூப்பாத்தி மண் உள்தரை மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா? மண்ணை உள்தரைக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே வெட்டி இறக்கி, தண்ணீருக்கு வழி செய்தாலே பாதி ஓதம் இறங்கும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு அடிப்பு. தென்மேற்குப் பருவமழை படும் சுவர் உலர ஒரு கோடை முழுக்க எடுக்கும், அவசரப்படுத்த முடியாது.

இப்போது சூடு. திறந்த கணப்பு அழகானது, ஆனால் விறகின் சூட்டில் 10 முதல் 20 சதவீதம்தான் அறைக்கு வரும். எரியும்போது ஏராளமான காற்றை இழுப்பதால் பக்கத்து அறைகள் இன்னும் குளிரும். அதே இடத்தில் கதவுள்ள இரும்பு அடுப்பு வைத்து, 150 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைப் பழைய புகைபோக்கி வழியாக உச்சி வரை கொண்டுபோனால் 65 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். புகை அறைக்குள் திரும்பினால் பெரும்பாலும் கணப்பு வாய் பெரியது, குழாய் சிறியது. குழாயின் பரப்பு வாயின் பரப்பில் எட்டில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரையாவது இருக்க வேண்டும். வாயின் மேல் விளிம்பில் தகரத் தகடு ஒன்றை மெல்ல இறக்கிப் பாருங்கள், புகை நிற்கும் உயரத்தில் நிரந்தரமாகப் பொருத்துங்கள்.

விறகு சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் கோடாலி இறங்காது. பிளந்தபின் ஒரு வருடம், தரையிலிருந்து அரையடி உயரத்தில், மேலே கூரை, பக்கம் திறந்த கொட்டகை. ஈர விறகு சூடு தராது என்பதோடு, புகைக்குழாயில் தார் படியவைக்கும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். மழை முடிந்து டிசம்பருக்கு முன் புகைபோக்கியைப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள், பறவைக்கூடும் அப்போதே வெளியே வரும்.

கரிக்கங்குச் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவதை மட்டும் யாரும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். இடுக்குகளை அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். நெருப்பு எரியும் அறைக்கு அடுப்பின் அருகிலேயே வெளிக்காற்று வர ஒரு வழி விடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள். புகையை வெளியே விடும் குழாயில்லாத கேஸ் ஹீட்டரும் எங்கள் பரிந்துரையில் இல்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகி அறைக்குள் வரும், அது குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும்.

மின்சாரம் என்றால், தொடர்ந்து குடியிருப்பவர்களுக்கு ஆயில் ஹீட்டர் (உள்ளே எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர்). 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் அளவு இழுக்கும்: 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் அதே ஹீட்டர் 1350 வாட் சொச்சம்தான் தரும், பழுது என்று நினைத்துவிட வேண்டாம். வார இறுதியில் மட்டும் வருபவர்களுக்கு ஆயில் ஹீட்டர் வீண். தடித்த சுவர் சூடேற இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஆள்மேல் நேராகச் சூடு வீசும் ஹாலஜன் வகையும், 100 வாட்டுக்குள் இழுக்கும் மின்கம்பளி விரிப்பும் பொருந்தும். துணி காயப்போடுவதற்கு ஹாலஜன் பக்கம் போகக் கூடாது.

உறைபனிக்கால வானம் பகலில் தெளிவாக இருக்கும். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்கு ஜன்னல்களின் திரையைக் காலை 9 மணிக்கு விலக்கி, 4 மணிக்கெல்லாம் இழுத்துவிடுங்கள். திரை தரையைத் தொட வேண்டும், மேலே பலகை வைத்து மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் குளிர்ந்த காற்று திரைக்கு அடியில் வழிந்து நேராகக் காலுக்கு வரும். கண்ணாடி வராந்தா இருந்தால் ஹாலுக்குப் போகும் கதவையும் அதே நேரக்கணக்கில் திறந்து மூடுங்கள்.