ஊசி நூல் இல்லாமல் ஒரு பட்டுப் பொம்மை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் கிமெகோமி என்ற ஜப்பானியப் பொம்மை வகுப்பு. 120 ரிங்கிட், துணியும் சேர்த்து. 18ஆம் நூற்றாண்டில் கியோத்தோவின் காமிகாமோ கோயிலில் பிறந்த கலையாம். மரத்தூளைப் பசையில் பிசைந்து செய்த உடம்பில் பள்ளம் கீறியிருக்கும். பட்டுத்துணியின் ஓரத்தைச் சின்னத் தகட்டால் அதற்குள் செருக வேண்டும். தையலே கிடையாது! சிப்பித்தூள் பூசிய முகம் மட்டும் ஆயத்தமாக வருகிறது.

முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் சென்செய் (ஆசிரியர்), நான் செருகிய கைமடிப்பை மூன்று முறை பிரிக்க வைத்தார். எரிச்சல்தான். ஆனால் நாலாவது முறை சுருக்கமே இல்லை.

குறை? ஒரே மின்விசிறி. போட்டால் துணி பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை பட்டில் சொட்டுகிறது.

இந்த நவராத்திரிக்கு என் பட்டுப் பொம்மை மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில்.