12.75 இஞ்ச் பேஸ்பால் அவுட்ஃபீல்டு கிளவுஸ்: கொழிஞ்சாம்பாறைக் காற்றுக்கு ஏற்றதா?

விதிப்படி ஃபீல்டர் கிளவுஸ் 13 இஞ்சைத் தாண்டக்கூடாது. அதை ஒட்டி வரும் 12.75தான் மைதானத்தின் பின்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்குச் சரி, பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டுக்கு 11.5 போதும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கும் மேற்குக் காற்றில் உயரப் போன பந்து கிழக்கே நகர்ந்துவிடும். கடைசி நொடியில் கையை எட்டி நீட்டிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். பந்து வந்து உட்காரும் ஆழமான குழியிலிருந்து, அதாவது பாக்கெட்டிலிருந்து, பந்தை எடுத்து எறியக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

தோலை முதலில் பாருங்கள். ரெக்ஸின் வேண்டாம்; அது பழகாது, கட்டை விரல் மடிப்பில் வெடிக்கும். மலிவான மாட்டுத்தோல் கிளவுஸில் தோல் பரவாயில்லை, லேஸ்தான் சொத்தை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலை மாதிரி இருக்கும் வெப்பின் மேல்நுனியும் விரல் நுனிகளும்தான் முதலில் அறும். 5 மில்லிமீட்டர் அகலத் தோல் லேஸ் தனியாக வாங்கி வைத்துக்கொண்டால் செருப்புத் தைப்பவரே கோர்த்துவிடுவார். நைலான் நூல் மட்டும் போடவிடாதீர்கள், தோல் துளையை அறுத்துவிடும்.

ஆர்டர் போடும்போது கவனம்: 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்றால் வலக்கையால் எறிகிறவருக்கானது, அதாவது இடக்கையில் மாட்டுவது. இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

புதுசு பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். கட்டை விரல் மடிப்பையும் சுண்டுவிரல் மடிப்பையும் கையால் மடக்கி மடக்கிப் பழக்கி, பாக்கெட்டில் பந்தை வைத்து மரச் சுத்தியால் தட்டுங்கள். பிறகு பந்தோடு கட்டி ராத்திரி வையுங்கள். இதைவிட நாளும் கேட்ச் போடுவது மேல். தேங்காய் எண்ணெய் தேய்க்கவே கூடாது: உள்ளே உள்ள பேடிங் ஊறிக் கனக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கிளவுஸ் கண்டிஷனர் பட்டாணி அளவு, துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். நனைந்தால் நிழலில், பந்தை உள்ளே வைத்துக் காய வையுங்கள். பைக் சீட்டில் வெயிலில் போட்டால் தோல் சுருங்கி லேஸ் இறுகிவிடும்.

இரண்டு விரலைச் சுண்டுவிரல் உறைக்குள் விடும் பழக்கம் அவுட்ஃபீல்டர்களிடம் அதிகம். பாக்கெட் ஆழமாகும், உள்ளங்கையில் அடியும் குறையும்.

மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள அமெரிக்க மைனர் லீக்கில் கீழ்மட்ட சிங்கிள்-ஏ அணி ஒரு சீசனில் 132 ஆட்டம் ஆடும், மேல்மட்ட டிரிபிள்-ஏ 150. அந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று வைத்துக்கொள்வது சும்மா இல்லை. நம் பிள்ளைகளும் பழசைத் தூக்கிப் போடாமல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் பெரிய கிளவுஸ் எல்லாப் பந்தையும் பிடித்துத் தராது. 1994இல் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற மைனர் லீக் அணியில் அவுட்ஃபீல்டராக ஆடிய கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானுக்கு 127 ஆட்டத்தில் 11 ஃபீல்டிங் பிழை. பந்து மட்டையில் பட்ட சத்தத்தில் முதல் அடி எடுத்து வைக்கிறவனுக்குத்தான் இந்த கிளவுஸ் உதவும்.

பள்ளிக்கூடப் பையனுக்கு 12 இஞ்சே போதும். கல்லூரி அணிக்குப் போகிறவர் இந்த 12.75ஐ வாங்கலாம், மாற்று லேஸோடு.