விகரஸ்லியும் ஃபர்ம்லியும்: ஏற்காட்டுத் தோட்டத்தில் ஒன்பது ஆண்டு அனுபவம்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். காப்பி வாங்குகிறவர்களுக்குக் கடிதங்கள், அறுவடைக் காலத்தில் வந்து தங்கி வேலை பழகுகிறவர்களுக்கு வழிமுறைத் தாள்கள், அவ்வப்போது ஒரு பரிந்துரைக் கடிதம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-களில், இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்தது. அதன் பின்னாலேயே எஸ்டேட், பல்பர் (பழத்தோலை நீக்கும் இயந்திரம்), பார்ச்மென்ட் (கொட்டையின் மேலோடு) என்ற சொற்களும் மலையேறிவிட்டன. இன்று பழம் பறிக்கிறவர்கள் வாயில் அவை தமிழாகவே புழங்குகின்றன. ஒரு வேலையை எந்த மாதிரி வலுவோடு செய்ய வேண்டும் என்று சொல்லும் விகரஸ்லி (vigorously), ஃபர்ம்லி (firmly) போன்ற ஆங்கில வினையடைகள் மட்டும் மலையேறவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு எல்லாவற்றுக்கும் 'விகரஸ்லி' ஒன்றே போதுமானதாக இருந்தது. அகராதியைத் திறந்தால் விகரஸ்லி, ஃபோர்ஸ்ஃபுல்லி, ஸ்ட்ராங்லி எல்லாவற்றுக்கும் 'வலிமையாக, தீவிரமாக' என்றே பொருள் இருக்கும். பிறகு எதைப் போட்டால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது காப்பிக் கொட்டை கழுவும் தொட்டியடியில் நடந்த ஒரு பேச்சு.

பல்பரில் தோல் நீங்கிய கொட்டைகளைத் தொட்டியில் ஊற வைத்துப் புளிக்க விடுவோம். மேலே இருக்கும் வழவழப்பு இளகியதும் கழுவ வேண்டும். கையில் அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் போலச் சொரசொரவென்று இருந்தால் கழுவியது போதும். இதைத் தாளில் எழுத உட்கார்ந்தபோது, முப்பது ஆண்டுகளாகத் தொட்டி வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன்: "அழுத்திக் கழுவ வேண்டும் என்று எழுதட்டுமா அம்மா?" அவர் தலையசைத்து மறுத்தார். "அழுத்தினால் கீழே கிடப்பது கீழேயே கிடக்கும், தம்பி. கிளறிக் கிளறி அலசினால்தான் வழவழப்பு போகும்" என்றார்.

எனக்கு வெளிச்சம் கிடைத்த இடம் அதுதான். அழுத்தி, அலசி, ஓங்கி, இறுக்கி: தமிழில் வலுவைச் சொல்லப் பெரும்பாலும் கை செய்கிற இன்னொரு வினையையே எச்சமாக்கி முன்னால் வைக்கிறோம். அந்த எச்சத்திலேயே வலு எந்த வகை என்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது 'வலிமையாக' என்ற பொதுச் சொல்லிலிருந்து தொடங்கக் கூடாது. அந்த எச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளறி, குலுக்கி, அலசி என்றால் விகரஸ்லி; அசைவு அதில் இருந்தே ஆக வேண்டும். அழுத்தி, இறுக்கிப் பிடித்து என்றால் ஃபர்ம்லி. அதில் கை அசையாது. சாக்கின் வாயைக் கட்டுவது ஃபர்ம்லி, தொட்டியைக் கிளறுவது விகரஸ்லி. ஓங்கி என்றால் வெறும் ஹார்டு போதும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் டிரைவர் சட்டென்று பிரேக்கை மிதித்தால் அதுவும் ஹார்டுதான்.

அந்த ஹார்டு என்ற சொல்லோடு 'லி' சேர்த்துவிடாதீர்கள். ஹார்ட்லி என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் வலு என்ற பொருள் இருந்தது. இன்று அது 'அரிதாகவே, இல்லையென்றே சொல்லலாம்' என்ற எதிர்ப்பொருளுக்குப் போய்விட்டது. கடுமையாக உழைக்கும் ஒரு பையனின் பரிந்துரைக் கடிதத்தில் அதை எழுதி, தபாலில் சேர்க்கும் முன் கண்டுபிடித்துத் திருத்தினேன். அவனுடைய வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

ஃபோர்சிப்லியிடம் அப்படித் தப்பவில்லை. எங்களிடம் காப்பி வாங்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். மாலையில் மழை வலுத்தது. இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள் என்று வற்புறுத்தி அவர்களைச் சேலத்துக்கு அனுப்பி வைத்தோம். மறுநாள் கடிதத்தில் 'வற்புறுத்தி' என்பதற்கு ஃபோர்சிப்லி என்று எழுதினேன். என்ன தகராறு நடந்தது என்று கேட்டுப் பதில் வந்தது. பிடித்து வெளியே தள்ளியதாகவே படித்திருக்கிறார்கள். பேச்சின் அழுத்தத்துக்கு ஃபோர்ஸ்ஃபுல்லி இருக்கிறது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக இழுப்பதற்கு ஃபோர்சிப்லி. நான் எழுதியிருக்க வேண்டியது இரண்டுமே இல்லை. 'இன்சிஸ்ட்' என்ற ஒரே வினை போதும், வினையடையே தேவையில்லை. அதன் பிறகு எந்த வினையடையை எழுதினாலும், அந்த வலுவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினை ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கிறேன்.

மழையைப் பற்றி எழுதும்போதும் இந்தக் கவனம் உதவுகிறது. ஹெவிலி என்றால் நிறையப் பெய்தது. ஹார்டு என்றால் அடித்துப் பெய்தது. பழுத்த பழம் உதிர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடிதத்தில் எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஸ்ட்ரென்யுவஸ்லி (விடாப்பிடியாக), வீமென்ட்லி (ஆவேசமாக) இரண்டையும் பெரும்பாலும் எதிராளி இருக்கும் இடத்தில்தான் எடுக்கிறேன். மறுப்பது, எதிர்ப்பது போன்ற வினைகளோடு நன்றாகப் பொருந்தும். விலைத் தகராறு ஒன்றில் பயன்படுத்தியிருக்கிறேன். அடிக்கடி எடுக்கிற சொற்கள் அல்ல. எனர்ஜெடிக்கலி ஆளின் சுறுசுறுப்பைச் சொல்கிறது, கை செய்யும் வேலையைச் சொல்வதில்லை. வழிமுறைத் தாள்களிலிருந்து அதை எடுத்தே விட்டேன்.

சொல்லை எங்கே வைப்பது என்பதில் இன்னும் கவனம் தேவைப்படுகிறது. 'கொட்டையை நன்றாகக் கிளறு' என்று தமிழில் அடை வினையை ஒட்டியே நிற்கும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினைக்கும் கொட்டைக்கும் நடுவே விகரஸ்லியைச் செருகிவிடுவேன். அங்கே அது நிற்காது. 'ஸ்டிர் தி பீன்ஸ் விகரஸ்லி' என்று கடைசியில் வருவதுதான் இயல்பு. ஆனால் ஸ்ட்ராங்லி ரெக்கமண்ட் என்பதில் அடை முன்னால் வருகிறது. எழுத்துக்கூட்டலிலும் ஒரு வழுக்கல் உண்டு: பிரிட்டிஷ் முறையில் விகர் என்ற பெயர்ச்சொல்லில் 'யு' உண்டு, விகரஸ் என்றதும் அந்த 'யு' போய்விடும்.

இந்த நவம்பர் அறுவடைக்கான தாளை நேற்று எழுதி முடித்தேன். பழைய தாளில் விகரஸ்லி பதினோரு இடங்களில் இருந்தது. புதியதில் ஒரே இடத்தில், தொட்டியைக் கழுவும் வரியில் மட்டும் இருக்கிறது. அந்த வரியைத் தமிழில் சொல்லி அந்த அம்மாவிடம் காட்டினேன். "அலசித்தானே எழுதியிருக்கிறாய்?" என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.