ரிட்ஜ் ரேஸர்: இலக்கம் 00001க்கு என்ன விலை கொடுக்கலாம்?

கண்டியில் பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்கி விற்கும் நானா ஒருவர் இருக்கிறார். டிவி திருத்துவது என் தொழில் என்பதால், பார்ட்ஸ் தேடி மாதம் ஒருமுறையாவது ஹட்டனிலிருந்து அவர் கடைக்குப் போய்விடுவேன். போன பெப்ரவரியில் என்னைக் கண்டதுமே, "தம்பி, நீங்க கேட்டது ஒண்ணு வந்திருக்கு. பின்பக்கம் கறுப்பு, அசல்தான்" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். டிவியில் பொருத்தி விளையாடும் சோனி மெஷினான முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கார்ப் பந்தய விளையாட்டு ரிட்ஜ் ரேஸர், ஐரோப்பியப் பதிப்பு. முதுகில் எஸ்.சி.இ.எஸ். 00001 என்ற வரிசை இலக்கம்.

அந்த இலக்கத்துக்காகத்தான் இத்தனை வருஷம் தேடினேன். நாம்கோ கம்பெனி 1993இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மெஷினுக்குச் செய்த விளையாட்டு இது. 1994 டிசம்பர் 3ஆம் திகதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்தது. ஜப்பான் சிடியின் இலக்கமும் எஸ்.எல்.பி.எஸ். 00001தான். 1995 செப்டம்பரில் ஐரோப்பாவுக்குப் போனபோதும் அங்கே முதல் இலக்கம் இதற்கே கிடைத்தது. பிளேஸ்டேஷன் விளையாட்டு சேர்க்கிற ஒருவருடைய அலுமாரியில் முதலாவதாக நிற்க வேண்டிய பெட்டி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நானா 7,500 ரூபா கேட்டார். நான் டார்ச்சை எடுத்தேன்.

சிடி வாங்குகிறவர்கள் எல்லோரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் கீறல் இருந்தால் பெரும்பாலும் பாலிஷ் போட்டுச் சரிப்படுத்திவிடலாம். பயப்பட வேண்டியது படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு. தகவல் பதிந்த அலுமினியத் தகடு அந்த மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது; அங்கே நகம் பட்டால்கூட ஆபத்து. டார்ச்சைப் பின்னால் பிடித்துச் சிடியை மெதுவாகச் சுற்றினால், தகடு போன இடங்களில் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் வரும். இதில் இரண்டு புள்ளி தெரிந்தது, இரண்டும் வெளி விளிம்பில். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. இந்த விளையாட்டின் தகவல் முழுவதும் உள்வட்டத்தில் இருக்கிறது, பாட்டுகள் அதற்கு வெளியே. ஆகவே விளையாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கடைசிப் பாட்டு மட்டும் ஓரிடத்தில் துள்ளும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது அப்படியேதான் துள்ளியது.

அசல் பிளேஸ்டேஷன் சிடியின் கீழ்ப்பக்கம் கறுப்பாக இருக்கும், ஆனால் அந்த நிறத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பிளேஸ்டேஷனின் லேசர் அகச்சிவப்பு ஒளி, அதற்கு அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி. நிறம் அழகுக்குத்தான், கள்ளப் பிரதியைத் தடுக்கிற சங்கதி அதில் இல்லை. நாமே பதிவு செய்கிற வெறும் சிடியும் கறுப்பு நிறத்தில் கிடைக்கிறது. நடு ஓட்டையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்தையும் அச்சுத் தரத்தையும் பாருங்கள்.

பெட்டியில் ஒரு கீல் உடைந்திருந்தது. ஐரோப்பியப் பெட்டி சாதாரண சிடிப் பெட்டியைவிடத் தடிப்பு, மாற்றுப் பெட்டி லேசில் அகப்படாது. உள்ளிருந்த விளக்கப் புத்தகத்தைத் திறந்ததும் மூக்கில் பூஞ்சண வாசனை. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் அலுமாரிக்குள் வைத்த சப்பாத்துமேலேயே பூஞ்சணம் பூக்கும், காகிதம் எப்படித் தப்பும்? நடுப்பக்கத்தில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். இரண்டு நாள் நிழலில் காயவைத்து, மெல்லிய பிரஷால் தட்டி, சிலிக்கா ஜெல் பைகளோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். மலைநாட்டில் எதைச் சேர்த்தாலும் காற்றுப் புகாத டின் கட்டாயம் வேண்டும். பொலித்தீன் உறையில் மட்டும் போட்டு வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மோசமாகும்.

புத்தகத்தையும் கீலையும் காட்டி 5,500க்கு இறக்கினேன். அது சரியான விலை என்றே நினைக்கிறேன். இது அபூர்வமான விளையாட்டு இல்லை. நிறைய விற்றது, இன்றும் தேடினால் கிடைக்கும். 'முதல் இலக்கம்' என்று சொல்லி யாராவது இருபதாயிரம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். காசு கூடுவது பெட்டி, புத்தகம், மேல்பக்க அச்சு ஆகிய மூன்றும் கெடாமல் இருந்தால்தான். சிடி மட்டும் என்றால் 2,000க்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

ஜப்பான் பதிப்பும் என்னிடம் இருக்கிறது. தபால் செலவோடு 3,800 ரூபா. அதன் முதுகில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டி கிழியாமல் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஜப்பான் மெஷினையும் சேர்த்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது 100 வோல்ட், நம் கரண்ட் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் பவர் சப்ளை புகைந்துவிடும். அப்படிப் புகைந்த இரண்டு மெஷினை என் கையால் திருத்தியிருக்கிறேன். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்குச் செய்த நம் பழைய டிவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், அதற்கு மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, விளையாட்டு எப்படி? ஒரே பாதையைத்தான் கூட்டிக் குறைத்து ஓடவிடுகிறார்கள். நாலு பந்தயத்தையும் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். இருந்தும் எனக்கு அலுக்கவில்லை, காரணம் அந்தச் சறுக்கல். வளைவுக்கு முன் எக்ஸலரேட்டரை விட்டு, திருப்பி, மறுபடி அமர்த்தினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். சித்திரை சீசனில் நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். பின் டயர் வழுக்க வண்டி வளைவில் திரும்புவதைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று பிசையுமே, அதே உணர்வு இந்தச் சறுக்கலில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் புகும்போது எஞ்சின் சத்தம் மாறும் இடம் வந்தால் எனக்கு ரம்பொடை ஞாபகம்தான்.

மெஷினைப் போட்டதும், லோட் ஆகும் நேரத்தில், கேலக்சியன் என்ற பழைய நாம்கோ விளையாட்டின் ஒரு கட்டம் வரும். எல்லா எதிரியையும் சுட்டுத் தீர்த்தால், ஓட்டக் கிடைக்கும் நாலு கார் பன்னிரண்டாகும். அப்புறம்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். லோட் ஆனபின் விளையாட்டு முழுவதும் மெஷினின் 2 மெகாபைட் நினைவகத்துக்குள் இருக்கும், சிடி சுழல்வது பாட்டுக்கு மட்டும். மூடியைத் திறந்து உங்கள் பாட்டு சிடியைப் போட்டால் அந்தப் பாட்டோடு ரேஸ் ஓடலாம்.

டிக்கோயாப் பக்கம் தோட்டத்தில் இருந்த காலத்தில், டவுனில் மணிக்கு 20 ரூபா வாங்கும் கேம் கடையில் அக்காதான் இதைக் கண்டுபிடித்தாள். அந்தக் கடை மெஷினின் லேசர் தேய்ந்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும். கடைக்கார அண்ணன் அதைக் கையில் தூக்கி நிமிர்த்திப் பிடிக்க, அக்கா சித்தி கல்யாணத்துக்குப் பதிந்த நாதஸ்வர சிடியை உள்ளே போட்டாள். மஞ்சள் கார் ஒன்று கெட்டிமேளத்தோடு சுரங்கத்தைத் தாண்டியது. கடையில் இருந்த பொடியன்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

போன வாரம் அக்கா பதுளையிலிருந்து வந்திருந்தாள். டின்னைத் திறந்து ஜப்பான் சிடியைப் போட்டேன். கேலக்சியன் கட்டத்தை முதல் தடவையிலேயே முடித்தாள். நாதஸ்வர சிடி இப்போது எங்கே என்று கேட்டேன், சித்தி வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்றாள். கீல் உடையாத தடித்த ஐரோப்பியப் பெட்டி ஒன்று, வெறும் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, 800 ரூபா வரை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன்.