சி-டு-சி கேபிளில் சார்ஜ் ஏறாத கொசு பேட்: டைப்-சி பொது சார்ஜர், பழகிப் பார்த்ததில் தெரிந்தவை

புது போன் வாங்குகிறவர்கள் இப்போது கேட்பதெல்லாம் ஒன்றுதான். பெட்டியில் சார்ஜர் வரவில்லை, வீட்டில் கிடக்கும் டைப்-சி சார்ஜரையே போடலாமா? தாராளமாகப் போடலாம், நல்ல சார்ஜராக இருந்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஒரு சார்ஜரும் ஒரு கேபிளும் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பழைய கேபிளையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன நல்லது இல்லை. காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது ஊரில் இருந்த போன்களில் மைக்ரோ யூஎஸ்பி ஒரு பக்கம், டைப்-சி ஒரு பக்கம், பட்டன் போனின் மெல்லிய ஊசி பின் ஒரு பக்கம், ஐபோனுக்கு லைட்னிங். ஜெனரேட்டர் இருந்தாலும் பொருந்துகிற பின் இருந்தால்தான் சார்ஜ். இன்று ஒரு பவர் பேங்க்கும் ஒரு கேபிளும் இருந்தால் பக்கத்து வீட்டுப் போன், எதிர் வீட்டு டேப்லெட் எல்லாவற்றுக்கும் ஆகும். அவசரத்துக்கு ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கே ஏற்றலாம். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஒரு கால் பேச அது போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் கொண்டுவந்து, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. ஐபோன் அதற்கு முன்பே, 2023இல் 15ஆம் மாடலோடு மாறிவிட்டது. நம் நாட்டுத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸும் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டிருக்கிறது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். போனில் பிரச்சினை இல்லை. போனைச் சுற்றி இருக்கும் சாமான்கள்தான்: கொசு பேட், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் நெற்றியில் மாட்டும் லைட், நெக்பேண்ட், டிரிம்மர், சில பட்டன் போன்கள். எல்லாவற்றிலும் டைப்-சி வாய் இருக்கும். புது சார்ஜரின் சி-டு-சி கேபிளை, அதாவது இரண்டு முனையும் டைப்-சியாக உள்ளதைச் சொருகினால் லைட்டே எரியாது. பாட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போவார்கள். அங்கே பழைய ஏ-டு-சி கேபிளில் (ஒரு முனை அகலமான பழைய யூஎஸ்பி-ஏ, மறுமுனை டைப்-சி) சொருகினால் ஏறும். சாமான் நன்றாகத்தான் இருக்கிறது, செலவு மட்டும் வீண்.

காரணம் இதுதான். சி வாய் உள்ள சார்ஜர் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டை வெளியே விடாது. டைப்-சியின் 24 பின்னில் சிசி1, சிசி2 என்று இரண்டு உண்டு. எதிர்முனையில் சிசி பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பது தெரிந்தால்தான் சார்ஜர் கதவைத் திறக்கும். இரண்டு பக்கமும் ஒரே தலை என்பதால் சார்ஜரும் சார்ஜரும் மோதிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. மிக நல்ல ஏற்பாடு. பழைய ஏ வாய் சார்ஜர் இதையெல்லாம் பார்க்காது, எப்போதும் 5 வோல்ட் விட்டுக்கொண்டே இருக்கும். மலிவு சாமான் செய்கிறவர்கள் பழைய மைக்ரோ சர்க்யூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சாக்கெட்டை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ரெசிஸ்டர் இல்லை. பெட்டியில் ஒரு குட்டை ஏ-டு-சி கேபிள் கொடுத்துவிடுவதால் வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை. இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு ரூபாய் ஆகாது. அதை மிச்சம் பிடித்து டைப்-சி என்று பெட்டியில் அச்சடித்து விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வாங்கும்போது கடையிலேயே சி வாய் சார்ஜர், சி-டு-சி கேபிள் போட்டுப் பாருங்கள். லைட் எரிந்தால் ப்ளக்கைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஒரு சிசிக்கு மட்டும் ரெசிஸ்டர் வைத்த சாமானும் சந்தையில் உண்டு.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, சோல்டரிங் தெரியும் என்றால் சரிசெய்யலாம். 0603 அளவு எஸ்எம்டி (போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டும் குட்டி வகை) 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். பவருக்கு மட்டுமான 6 கால் சாக்கெட்டாக இருந்தால் சிசி கால்கள் இரண்டும் வெளியே தெரியும். ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக ஒரு ரெசிஸ்டர். இரண்டு காலையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்தால் சாதா கேபிளில் ஏறும், கேபிளின் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிளில் ஏறாது. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் முதல் பதிப்பில் நடந்தது இதேதான். சாக்கெட்டில் 2 கால் மட்டும் இருந்தால் ரெசிஸ்டர் வைக்க இடமே கிடையாது; ஏ-டு-சி கேபிளோடு ஓட்ட வேண்டியதுதான். கொசு பேட்டைத் திறப்பதாக இருந்தால் முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் நடு வலையையும் வெளி வலையையும் தொடவைத்து உள்ளே தங்கிய ஹை வோல்டேஜை இறக்கிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 80 வாட் என்று போட்ட போன் வேறு கம்பெனியின் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜரில் 20 வாட்டைக்கூடத் தாண்டாமல் போகலாம். அந்த 80 வாட் கம்பெனியின் சொந்த முறைக்கானது, பொது முறையான பிடியில் அவர்கள் விட்டது அவ்வளவுதான். கேபிளும் கணக்கில் உண்டு: 3 ஆம்பியர் கேபிள் 60 வாட் வரைதான்.

டெல்டாவுக்கென்றே உள்ள தொல்லை ஒன்று இருக்கிறது: நெல் சுணை, நெல்மணியிலிருந்து உதிரும் நுண்ணிய முடி. அறுவடை மெஷின் ஓடும் வயலிலோ கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இடத்திலோ ஒரு நாள் நின்றாலே சட்டைப் பையில் இருக்கும் போனின் வாய்க்குள் சுணையும் தூசும் புகுந்துவிடும். டைப்-சியில் நடுவே ஒரு மெல்லிய நாக்கு, அதைச் சுற்றி இடுக்கு. ஒவ்வொரு முறை சொருகும்போதும் ப்ளக் அந்தத் தூசை அடியில் தள்ளி இறுக்கிக்கொண்டே போகும். ப்ளக் ‘கிளிக்’கென்று உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் அடியில் சுணை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கமாகப் போட்டால் ஏறி, திருப்பிப் போட்டால் ஏறவில்லையென்றால் ஒரு பக்கத்து சிசி பின்னில் அழுக்கோ தேய்மானமோ இருக்கும். இந்த நிலையிலேயே சார்ஜிங் பின்னை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தும் குச்சியின் நுனியை பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். நாக்கின்மேல் படாமல், வெளிச்சுவரை ஒட்டி அடிவரை இறக்கி, மூலையிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். கெட்டியாக, பழுப்பாக, ஒரு சின்னக் கட்டியாக வெளியே வரும். மேல் இடுக்கு, கீழ் இடுக்கு இரண்டிலும் செய்ய வேண்டும். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம்: சிசி பின்னுக்குப் பக்கத்திலேயே பவர் பின் இருக்கிறது, நாக்கில் கீறல் விழுந்தால் மழைக்கால ஈரத்தில் அங்கேதான் பச்சை பூக்கும். வாயால் ஊதினாலும் ஈரம்தான் உள்ளே போகும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் இதைப் பொது சார்ஜர் என்று சொல்ல மனம் வரவில்லை. போனுக்குப் பொது, அவ்வளவே. புதிதாக வாங்குகிறவர்கள் சி வாய் மட்டும் உள்ளதை விட்டு, ஏ ஒன்று, சி ஒன்று என இரண்டு வாய் உள்ள, பிடியும், போன் கேட்கிறபடி வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றித் தரும் பிபிஎஸ்ஸும் இருக்கிற 30 வாட் அளவிலான சார்ஜராகப் பாருங்கள். கொசு பேட்டோடு வந்த அந்தக் குட்டைக் கேபிளை ஏ வாயில் நிரந்தரமாகச் சொருகி வைத்துவிடுங்கள்.